கெட்டில் நிற்காத அடுப்பு

புது அடுப்பை இந்தத் தடவை தானேதான் தேர்ந்தெடுப்பது என்று ஆர்த்தேமியோ பாரியா முடிவு செய்தார். சும்மா செய்த முடிவு அல்ல. எழுந்து நின்று, பெல்ட்டை ஒரு துளை இறுக்கிக்கொண்டு செய்த முடிவு. அந்த வீட்டில் அவர் உட்கார்ந்தபடி எடுத்த முடிவு ஒன்றுகூட இதுவரை நின்றதில்லை.

பழைய அடுப்பு அன்று காலையில்தான் உயிரை விட்டது. 'டப்' என்று ஒரு சத்தம். அதன் இரும்பு வயிற்றில் மேலிருந்து கீழ்வரை விரிசல். அடுத்த நிமிஷம் சமையலறையில் எதிரே இருப்பவர் மூக்கு தெரியாத அளவுக்குப் புகை. அந்த வீட்டில் சமையலறைதான் வீடு. மற்றபடி படுக்க ஓர் அறை, ஈர பூட்ஸைக் கழற்ற ஒரு முடுக்கு, அவ்வளவுதான். உலகத்தின் தெற்குக் கோடியில் கிடக்கிற லெமுய் தீவில் மழை பெய்தால் யாரும் ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை. நின்றால்தான் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், அதுவும் ஏப்ரல் பிறந்து குளிர் கதவைத் தட்டுகிற சமயத்தில், அடுப்பு போனால் பாதி ஆயுசு போன மாதிரி.

"எல்லாரும் வெளிய வாங்க! சீக்கிரம்!" என்று கத்தினாள் எர்மிந்தா.

இருமிக்கொண்டே வெளியே வந்தவர்கள் ஏழு பேர். அதில் அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் இரண்டே பேர்.

அதுதான் ஆர்த்தேமியோவின் வருத்தம்.

முப்பத்தொரு வருஷம் தெற்குக் கடலில் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர் அவர். வருஷத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு வாரம் வீட்டுக்கு வருவார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் என்று ஊர் சொல்லும். ஒரு மகளும் வளர்ந்து, கல்யாணமாகிப் போய்விட்டாள். சேர்ந்து இருந்த நாளையெல்லாம் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது. எஞ்சின் இரைச்சலில் காது அடைத்துக்கிடந்த ராப்பகலெல்லாம் அவர் மனசில் ஒரே ஒரு படம்தான் ஓடும். வெளியே மழை. உள்ளே அடுப்பு. அடுப்புக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் எர்மிந்தா. மாத்தே இலை போட்டு வெந்நீர் ஊற்றிய சுரைக்குடுக்கை ஒன்று, அவர் கையிலிருந்து அவள் கைக்கும் அவள் கையிலிருந்து அவர் கைக்கும் போய்வருகிறது. ஒரே உறிஞ்சுகுழல். இரண்டு வாய். வேறு சத்தமில்லை.

ஓய்வு பெற்று வந்து எட்டு மாசம் ஆகிறது. படத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது. மழை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, குடுக்கை இருக்கிறது. கூடவே ஐந்து பெண்கள் இருக்கிறார்கள்.

காலை பத்து மணிக்கு முதல் ஆளாக வருவது தொமித்தீலா. எழுபது வயது விதவை, அடுத்த வீடு. வந்ததும் அடுப்பை ஒட்டிய நாற்காலியில் உட்காருவாள். அது ஆர்த்தேமியோ உட்கார ஆசைப்பட்ட நாற்காலி. உட்கார்ந்தால் நாற்காலி ஒரு முனகல் முனகும், அப்புறம் சாயங்காலம்வரை பேசாது. அவளுக்குப் பின்னால் மேட்டு வீட்டு ப்ளாசிதா. அப்புறம் அக்காவும் தங்கையுமாக மூன்று பேர். குடுக்கை சுற்றிவரும்போது ஆறு பெண்கள் கையைத் தாண்டி ஏழாவதாகத்தான் அவருக்கு வரும். அதற்குள் இலையில் சாரம் போய் வெறும் வெந்நீர். அவருக்கு வாய்த்த இடம் வாசல் ஓரத்து விறகுப் பெட்டி. கதவு திறக்கும்போதெல்லாம் முதுகில் ஒரு வாளி குளிர்.

மனைவியோடு தனியாகப் பகலில் உட்கார்ந்த நேரம், எட்டு மாசத்தில் மொத்தம் பதினோரு நிமிஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சர்ச் விருந்துக்குப் போயிருந்தபோது. பன்னிரண்டாவது நிமிஷம் தொமித்தீலாவின் நாய் வந்துவிட்டது.

'ஊரே என் வீட்டில் குளிர் காய்கிறது, நான் மட்டும் வாசலில் காய்கிறேன்' என்று அவருக்குப் புகைச்சல். ஆனால் வெளியே சொல்ல முடியுமா? அறுபத்திரண்டு வயதில், 'எனக்கு என் பெண்டாட்டி வேணும்' என்று எந்த வாயால் சொல்வது? அப்படிச் சொல்லிவிட்டால் ப்ளாசிதா அதைப் படகில் ஏற்றி அக்கரைக்கும் அனுப்பிவிடுவாள்.

இப்போது அடுப்பு வெடித்திருந்தது. புகையில் கண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்த ஆர்த்தேமியோவுக்கு, அந்தக் கண்ணீருக்கு நடுவிலேயே ஒரு வெளிச்சம் தெரிந்தது. இந்தப் பெண்கள் வருவது எதற்கு? மாத்தேக்கு. மாத்தேக்கு எது வேண்டும்? நாள் முழுக்க வெந்நீர். வெந்நீர் எங்கே இருக்கிறது? அடுப்பு மேல் உட்கார்ந்திருக்கும் கெட்டிலில். அடுப்பின் மேல்பக்கம் தட்டையாக இல்லாமல், வளைவாக, திமிங்கிலத்தின் முதுகு மாதிரி இருந்துவிட்டால்? கெட்டில் நிற்காது. கெட்டில் நிற்காவிட்டால் யாரும் நிற்கமாட்டார்கள்.

வெறும் சூடு மட்டும் தருகிற, சமைக்க முடியாத கணப்பு அடுப்புகளை அவர் அக்கரைக் கடையில் பார்த்திருக்கிறார். பெல்ட்டை இறுக்கியது அப்போதுதான்.

புகை அடங்கிப் பெண்கள் போனதும், பேச்சை ஆரம்பித்தார்.

"எர்மிந்தா, புது அடுப்பு விஷயமா யோசிச்சேன். அதை எங்கிட்ட விட்டுடு. முப்பத்தொரு வருஷம் நெருப்போட குடித்தனம் பண்ணவன் நான்."

"உன் குடித்தனம் எங்கன்னு எனக்குத் தெரியாதா கிழவா? சொல்லு, என்ன அடுப்பு?"

"கணப்பு மட்டும். கதவுல கண்ணாடி வெச்சது. விறகு பாதிதான் தின்னும், சூடு ரெண்டு மடங்கு குடுக்கும்."

"சமையல்?"

"கேஸ் அடுப்பு இருக்கே."

"சிலிண்டரைத் துறையிலேர்ந்து இந்த மேட்டுக்கு யாரு தூக்குவா? ஒரு சிலிண்டரை நாலு மாசம் ஓட்டறவ நான்."

"நமக்கு எவ்வளவு வேணும்? ரெண்டு பேருக்கு ஒரு சட்டி சூப்பு."

"ரெண்டு பேருக்கா?" என்றாள் எர்மிந்தா. அப்புறம், "கெட்டில் எங்க உக்காரும்?" என்று கேட்டாள்.

ஆர்த்தேமியோ பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கெட்டிலா? அது வந்து... எஞ்சின் கணக்கு எர்மிந்தா. உனக்குப் புரியாது. அடுப்பு தலையில பாரம் வெச்சா சூடு கீழ அமுங்கிடும். மேல வளைவா இருந்தாத்தான் சூடு வழுக்கிக்கிட்டு ரூமுக்குள்ள வரும்."

எர்மிந்தா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"சரி" என்றாள்.

ஆர்த்தேமியோவுக்குப் பயம் வந்துவிட்டது. ஒரே தடவையில் 'சரி' என்று சொல்கிறவள் இல்லை அவள். கல்யாணத்தன்றே பாதிரியார் அவளிடம் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"நிஜமாவா?"

"முப்பத்தொரு வருஷம் கணவன் இல்லாம இருந்துட்டேன். கணப்பு இல்லாம ஒரு வாரம் இருக்க முடியாது. நாளைக்கே போய் வாங்கு. நானும் வரேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அது கேலியா குத்தலா என்று அவருக்கு ராத்திரி தூங்குகிறவரை பிடிபடவில்லை.

மறுநாள் காலைப் படகில் அக்கரைக்கு, சோன்ச்சி ஊருக்குப் போனார்கள். மன்சில்யா என்பவரின் இரும்புக் கடை. ஒல்லியான மனுஷர், காதில் பென்சில். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அடுப்புகள், கறுப்புக் கோட்டுப் போட்ட கல்யாண விருந்தாளிகள் மாதிரி நின்றன. ஒன்று பெருத்த வயிறு. ஒன்று குச்சிக் கால். ஒன்றின் கதவில் வாத்துப் படம். ஆர்த்தேமியோ ஒவ்வொன்றின் கதவையும் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். காற்று வழியைத் திறந்து மூடினார். செங்கல்லைத் தட்டினார். பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார்.

"உயிர் இருக்கா?" என்று கேட்டாள் எர்மிந்தா.

கடைசியில் மூலையில் இருந்தது அது. குள்ளம். கதவு முழுக்கக் கண்ணாடி. மேல்பக்கம் வளைந்து, ஈரத்தில் பளபளக்கும் கல் மாதிரி. ஆர்த்தேமியோ பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு கெட்டிலை எடுத்தார். மெல்ல அதன் தலையில் வைத்தார். கெட்டில் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் வழுக்கிக்கொண்டு வந்து அவர் கையில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. பேரக்குழந்தை முதல் தடவை கைதட்டியது போல அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

மன்சில்யா காதுப் பென்சிலை எடுத்து நெற்றியைச் சொறிந்தார். "இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன். கெட்டில் நிக்குமான்னு பாக்கறவங்களைத்தான் பாத்திருக்கேன். விழுதான்னு பாக்கற முதல் ஆள் நீங்கதான் ஐயா."

"எஞ்சின் கணக்கு" என்றார் ஆர்த்தேமியோ கம்பீரமாக.

"இவரு நெருப்பு படிச்சவரு" என்றாள் எர்மிந்தா. "எனக்குக் கண்ணாடி பிடிச்சிருக்கு. பெருசா இருக்கு, தீ நல்லா தெரியும். கிழவா, அந்தக் கதவுக் கீல் ஆடுதான்னு நல்லா பாரு. பின்னால திருகாணி ஏதாவது லூசா இருக்கான்னும் பாரு. நீ பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

புகழ்ச்சி எங்கிருந்து வந்தாலும் குனிந்து வாங்கிக்கொள்கிற மனுஷர் அவர். தரையில் படுத்து அடுப்பின் அடிவயிற்றைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில் எர்மிந்தா மன்சில்யாவோடு கடையின் பின்பக்கம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள். "என்ன?" என்று தரையிலிருந்தே கேட்டார். "புகைக்குழாய் அளவு" என்றாள்.

வியாழக்கிழமைப் படகில் அடுப்பு வந்துவிடும் என்று பேச்சு.

வெற்றி ஒரு மனுஷனை என்னவெல்லாம் செய்யவைக்கும் பாருங்கள். வீட்டுக்கு வந்த கையோடு, 'புதுசுக்கு இடம் தயார் பண்றேன்' என்று பழைய அடுப்பைக் கழற்றி வெளியே கோழிக்கூண்டுப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார். விரிசலில் களிமண் அப்பி இன்னும் நாலு நாள் ஓட்டியிருக்கலாம். எர்மிந்தா அதைச் சொல்வதற்குள் குழாய்வரை பிரித்தாகிவிட்டது.

புதன்கிழமை இரவு வடக்குக் காற்று கிளம்பியது. வியாழன் காலை துறைமுகத்தை மூடிவிட்டார்கள். படகு இல்லை. வெள்ளி இல்லை. சனி இல்லை. ஒன்பது நாள் இல்லை.

பெண்கள் முதல் நாள் வந்து பார்த்தார்கள். அடுப்பு இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம்.

"என்ன எர்மிந்தா, வீட்டுக்குப் பல்லு விழுந்த மாதிரி இருக்கு" என்றாள் தொமித்தீலா. ஆர்த்தேமியோவைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, முதல்ல புதுசு, அப்புறம் பழசு. கப்பல்ல இதைச் சொல்லித் தரலையா?" என்று கேட்டுவிட்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு ப்ளாசிதா வீட்டுக்குப் போனாள். "நீயும் வா" என்று எர்மிந்தாவைக் கூப்பிட்டாள்.

"இல்ல அக்கா. இவரு தனியா இருப்பாரு."

ஆர்த்தேமியோவுக்குக் காதில் தேன். கதவைச் சாத்தினார். நாற்காலியில், அந்த நாற்காலியில், போய் உட்கார்ந்தார். எதிரே எர்மிந்தா. இருவருக்கும் கோட்டு, கோட்டு மேல் கம்பளி, கம்பளி மேல் இன்னொரு கம்பளி. கேஸில் அளந்து காய்ச்சிய வெந்நீரில் ஒரு குடுக்கை மாத்தே. வெளியே மழை. ஒரே உறிஞ்சுகுழல். இரண்டு வாய். அப்படியே அந்தப் படம்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன?" என்றாள்.

"சொல்லு."

"என்ன சொல்ல? நீ சொல்லு."

"என்ன சொல்றது... எல்லாம் நல்லா இருக்கு."

"நல்லா இருக்கு" என்றாள் அவளும்.

அதற்குமேல் ஓடவில்லை. முப்பத்தொரு வருஷம் துறைமுகத்துக்குத் துறைமுகம் போன் பண்ணிப் பேசிய பழக்கம். போனில் என்ன பேசுவார்கள்? நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், மழையா, மழைதான், வெச்சுடட்டுமா. நாலே நிமிஷம். இப்போதும் அந்த நாலு நிமிஷம்தான் இருவரிடமும் இருந்தது. ஐந்தாவது நிமிஷத்துக்குச் சரக்கில்லை. எர்மிந்தா கம்பளி நூலை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். அவர் ஜன்னலில் வழியும் தண்ணீரை எண்ணினார்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மத்தியானம், மூக்கு நுனி மரத்துப்போன நிலையில், பேச ஏதாவது வேண்டுமே என்று கேட்டுவைத்தார்:

"இந்த நாற்காலி எனக்கு எவ்வளவு பாந்தமா இருக்கு பாரு. அந்தத் தொமித்தீலா ஏன் இதையே பிடிச்சுக்கறா?"

எர்மிந்தா பின்னுவதை நிறுத்தவில்லை. "அது அவளோடதுதான்."

"அவ வீட்டுலேர்ந்தா வந்தது?"

"இல்ல. நம்ம பாப்பாவுக்கு நாலு வயசு இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்துது. நெஞ்சுல சளி. எழுந்திருக்க முடியல. காத்து அடிச்சு படகு நின்னு போச்சு, டாக்டர் வர முடியல. தொமித்தீலா அக்கா தினமும் விடியறதுக்கு முன்னால முதுகுல விறகு கட்டிக்கிட்டு வருவா. அடுப்பை மூட்டிப் பாப்பாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு, அந்த நாற்காலியில உக்காருவா. அணையாம பாத்துக்கிட்டு, உக்காந்தபடியே தூங்குவா. பத்தொம்பது நாள். மத்தவங்க மாத்தி மாத்தி வருவாங்க. அவ மட்டும் ஒரு நாள்கூட விடல."

ஆர்த்தேமியோ நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தார். "எனக்குச் சொல்லவே இல்லையே! நான் போன் பண்ணியிருப்பேனே அப்ப?"

"பண்ணின. தலையணைகிட்ட போனைக் கொண்டுவந்து குடுத்தா."

"நீ என்ன சொன்ன?"

"நல்லா இருக்கேன்னு சொன்னேன்" என்றாள் எர்மிந்தா. ஊசியில் ஒரு கண்ணி தப்பிவிட்டது. குனிந்து அதை எடுத்தாள். "நீ அவ்வளவு தூரத்துல இருந்துகிட்டு என்ன பண்ணுவ? உனக்கு எதுக்கு அது?"

ஆர்த்தேமியோ அந்த நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். ஏதோ வேலை இருப்பதுபோல அறையில் இரண்டு தடவை நடந்தார். பிறகு போய் விறகுப் பெட்டியில் உட்கார்ந்தார்.

அதன்பின் அவருக்குக் குளிர் பெரிதாகத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அந்தத் திமிங்கில முதுகுதான். கண்ணை மூடினால் கெட்டில் வழுக்கி விழுந்தது. முப்பது வருஷம் தன் இடத்தில் நின்று தன் வீட்டு நெருப்பைக் காத்தவர்களுக்கு ஒரு வாய் வெந்நீர் இல்லாமல் செய்ய, கடலைத் தாண்டிப் போய், தரையில் படுத்து, திருகாணி பார்த்து, ஒரு அடுப்பைப் பொறுக்கியிருக்கிறார்! நெருப்பு படிச்சவர்!

மறுநாள் கோழிகளுக்குத் தீனி வைப்பதாகச் சொல்லிவிட்டுக் கோழிக்கூண்டுக்குள் குனிந்து நுழைந்து, போனை எடுத்தார்.

"மன்சில்யா, நான்தான் ஆர்த்தேமியோ. மெதுவாப் பேசறேன். அந்த அடுப்பை மாத்தணும்."

"ஏன் ஐயா, கோழி கத்துது?"

"அதை விடுங்க. தலை தட்டையா ஒண்ணு வேணும். கெட்டில் நிக்கணும்."

"அன்னைக்கு விழணும்னு சொன்னீங்க."

"இன்னைக்கு நிக்கணும்!"

"தட்டை எல்லாம் வித்துப்போச்சு. இனிமே குளிர் முடிஞ்சுதான் வரும். உங்களுது படகுல ஏத்தி நாலு நாளாச்சு, காத்து நின்னா வந்துடும். அம்மா கேட்ட குழாய் சாமானும் கூடவே இருக்கு. கவலைப்படாதீங்க, நல்ல அடுப்பு."

நல்ல அடுப்புதான். அதுதானே துக்கம். கூண்டிலிருந்து வெளியே வந்தபோது தொப்பியில் ஒரு இறகு ஒட்டியிருந்தது. எர்மிந்தா அதை எடுத்துப் போட்டாள். சொல்லிவிடலாமா என்று அவர் வாயைத் திறந்தார். "மழை விடும்போல இருக்கு" என்றுதான் வந்தது.

பத்தாம் நாள் படகு வந்தது. மாட்டு வண்டியில் இரண்டு பெட்டிகள் மேடேறின. பெரிய பெட்டியில் அடுப்பு. சின்னப் பெட்டியில் ஒரு செம்பு உருளை. நடுவே புகைக்குழாய் நுழைகிற அளவுக்கு ஓட்டை. மேலே ஒரு மூடி. கீழே ஒரு குட்டிக் குழாய்.

"இது என்ன?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? குழாய்ல மாட்டணும்னு கடைக்காரர் சொன்னாரு. உள்ள தண்ணி ஊத்தணுமாம். நீதான் எஞ்சின்காரன், பாத்து சொல்லு" என்றாள் எர்மிந்தா.

ஆர்த்தேமியோ உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வாரமாகச் சுருண்டு கிடந்த மனுஷருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "ஓ! புரிஞ்சுபோச்சு. இது குளிர்விக்கற உறை. புகைக்குழாய் ரொம்ப சூடாச்சுன்னா கூரை மரம் பத்திக்கும். சுத்தித் தண்ணி இருந்தா பத்தாது. எங்க எஞ்சின்லயும் இதே ஏற்பாடுதான். சின்னதா பண்ணியிருக்கான்."

"அடேயப்பா! கீழ இருக்கற குழாய்?"

"வடிகால். வண்டல் சேந்தா திறந்துவிடறதுக்கு. தண்ணி இருக்கற எந்தச் சாமானுக்கும் வடிகால் இல்லாம இருக்காது."

"நீ இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன் கிழவா" என்றாள் எர்மிந்தா. அவள் உதடு ஏன் அப்படித் துடித்தது என்று அவர் கவனிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் மாட்டி முடித்துவிட்டார். தன் கையாலேயே உருளைக்குள் இருபது லிட்டர் தண்ணீர் சுமந்து ஊற்றினார். ஒரு சொட்டுக் கசியாதபடி வாஷர் போட்டார். விறகு வைத்துப் பற்றவைத்ததும் கண்ணாடிக்குள் தீ எழுந்து ஆடியது. பத்து நாள் குளிர் சுவரிலிருந்து ஒவ்வொரு பலகையாக இறங்கி வெளியேறுவது மாதிரி இருந்தது.

கூரையில் புகையைப் பார்த்ததும் ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். தொமித்தீலா கையில் அவளுடைய சுரைக்குடுக்கை. ஆர்த்தேமியோ அந்தக் குடுக்கையையே பார்த்தார்.

"தொமித்தீலா அக்கா..." என்று எழுந்து நின்றார். "ஒரு விஷயம் சொல்லணும். இந்த அடுப்புல... கெட்டில் நிக்காது. தப்பு என்னோடது. கேஸ்ல காய்ச்சித் தரச் சொல்றேன். சிலிண்டர் நான் தூக்கறேன். தினமும் தூக்கறேன்."

"சிலிண்டர் எதுக்கு தம்பி?" என்றாள் தொமித்தீலா. நேரே போய்க் குடுக்கையை அந்தக் குட்டிக் குழாயின் கீழே நீட்டித் திருகினாள். ஆவி பறக்க, சன்னமாக, வேண்டிய அளவுக்கு வெந்நீர் இறங்கியது. மூடினாள். உறிஞ்சினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "பதமான சூடு. எர்மிந்தா, நீ போன்ல சொன்னப்பகூட நான் நம்பல. கெட்டில் மூணு லிட்டர்தானே பிடிக்கும்? இது எவ்வளவு?"

"இருபது" என்றாள் எர்மிந்தா.

"வடிகால்..." என்றார் ஆர்த்தேமியோ.

"ஆமா கிழவா. நல்லா வடியுது."

ப்ளாசிதா சிரித்துச் சிரித்து சால்வை நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். ஆர்த்தேமியோ எர்மிந்தாவைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை, ரொம்ப மும்முரமாக நூலுருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கோபம் வரவேண்டிய இடம் அது. நியாயமாகப் பார்த்தால் வந்திருக்கவும் வேண்டும். ஆனால் ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த திமிங்கிலம் இறங்கிப் போய்விட்டதில் அவருக்கு வேறு எதற்கும் மூச்சு இல்லை. அப்படியே விறகுப் பெட்டியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"குழாயை நல்லா பொருத்தியிருக்கீங்க அண்ணே, ஒரு சொட்டு ஒழுகல. எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள் ப்ளாசிதா, பாவம் பார்த்து.

அவர் சொல்ல ஆரம்பித்தார். பேனாஸ் வளைகுடாவில் ஒரு ஜூலை மாசம். அலை ஒவ்வொன்றும் சர்ச் கோபுர உயரம். எஞ்சினைக் குளிர்விக்கிற குழாய் வெடித்துவிட்டது. அதை விட்டால் எஞ்சின் நிற்கும். எஞ்சின் நின்றால் கப்பல் பாறைக்கு. அவரோடு சேர்த்து மூன்று பேர், படுக்கையிலிருந்து பிடுங்கி வந்த கம்பளியைக் குழாயில் சுற்றி, மாற்றி மாற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாலு மணி நேரம். கம்பளிக்குள்ளிருந்து கொதிநீர் கையில். மேலே ஓட்டை வழியாகச் சமையல்காரன் தலையை நீட்டி, எல்லாப் புனிதர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு புனிதர் பேர் மறந்துபோய்க் கீழே இருந்தவர்களிடமே கேட்டான். பெண்கள் சிரித்தார்கள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். தொமித்தீலா "ஐயோ தம்பி" என்றாள். அவர் எழுந்து நின்று அலை எப்படி வந்தது என்று காட்டினார். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமெல்லாம் ஆறு தலைகளும் சாய்ந்தன.

எர்மிந்தாவின் கையில் நூலுருண்டை நின்றுபோயிருந்தது.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பியதும் அவள் வந்து அவர் பக்கத்தில், விறகுப் பெட்டியிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் வழவழப்பான பழைய தழும்பு.

"வாணலி சுட்டதுன்னு சொன்ன."

"அது... ஆமா."

"அன்னைக்குக் கரைக்கு வந்து போன் பண்ணின. எனக்கு ஞாபகம் இருக்கு. சாப்பாட்டுல உப்பு கம்மின்னு சொன்ன."

"உப்பும் கம்மிதான்" என்றார் ஆர்த்தேமியோ.

அவள் அந்தக் கையை விடவில்லை. கண்ணாடிக்குள் ஒரு கட்டை சரிந்து பொறி பறந்தது. சொல்வதானால் இப்போதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

"எர்மிந்தா, அந்த அடுப்பை நான் எதுக்கு வாங்கினேன்னா... உன்னோட தனியா உக்காரணும்னு. வேற ஒண்ணுமில்ல."

"தெரியும். கடையில கெட்டில் விழுந்தப்ப உன் மூஞ்சியைப் பாத்தேனே."

"தெரிஞ்சுமா இந்த வெந்நீர்த் தொட்டியை வாங்கின?"

"அப்ப அவங்களுக்காக வாங்கினது, இப்ப எனக்கும் ஆச்சு. தனியா உக்காந்தோமே ஒம்பது நாள்! 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொன்ன, அதோட சரி. அவங்க முன்னாலதான் உனக்கு வாய் திறக்குது. உன் முப்பத்தொரு வருஷத்தை நான் வேற எப்படிக் கேக்கறது?" என்றாள் எர்மிந்தா. அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஆர்த்தேமியோ அசையாமல் இருந்தார். தோள் மரத்துப்போயிற்று, அப்போதும் அசையவில்லை. பன்னிரண்டாவது நிமிஷமும் தாண்டிப் போயிற்று.

"கிழவா."

"ம்?"

"ப்ளாசிதா அதுக்குள்ள போன்ல சொல்லிட்டா. நாளைக்குப் பக்கத்து ஊர்லேர்ந்து இன்னும் ஆறு பேர் வராங்க, அந்தக் கப்பல் கதை கேக்கணுமாம். முகத்தை மழிச்சுக்கோ."

மறுநாள் விடிந்ததும் ஆர்த்தேமியோ முதல் வேலையாக முகம் மழித்துக்கொண்டார். இரண்டாவது வேலையாகத் தொட்டியை விளிம்புவரை நிரப்பினார்.